டாட்நெட்டும் பவணந்தியாரும்: நிறுவல் தோல்வி குறித்து ஓர் ஆய்வு

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் ஏற மறுப்பதை எல்லாரும் தொழில்நுட்பக் கோளாறு என்றே கொள்கிறார்கள். அது பொருந்தாது. அது நூற்குற்றம். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் எண்ணி வைத்திருக்கிறார். சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் அந்த நூலை அவர் செய்தார் என்பார்கள். சீயகங்கனிடம் கம்ப்யூட்டர் இருந்ததற்குச் சான்றில்லை. ஆனாலும் விண்டோஸ் நம்மிடம் பேசும் பேச்சை அந்தப் பத்தோடு வைத்துப் பார்த்தால் குற்றங்கள் வரிசைகட்டி வருகின்றன. வழூஉச்சொற் புணர்த்தல் என்ற ஒன்று மட்டும் நெடுநேரம் அகப்படவில்லை. அது பின்னர்.

ஆய்வுக்களம்: புது லேப்டாப் வாங்கிய ஒரு நடுத்தரக் குடும்பம். ஆய்வுப்பொருள்: அந்த வீட்டுப் பெரியப்பா பல வருடங்களாகப் பயன்படுத்திவரும் ஜாதக மென்பொருள். சிடியிலிருந்து பென்டிரைவுக்கு மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதை இரட்டை கிளிக் செய்தால், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5 வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். "பழைய கம்ப்யூட்டர்ல இதெல்லாம் கேக்கவே இல்லையேடா" என்பார் பெரியப்பா. குடும்பம் அவரை நம்பாது. ஆனால் வரலாறு அவர் பக்கம். 2007இல் வந்த 3.5, விண்டோஸ் 7இல் உடன்பிறந்ததாகவே இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று அதை வெளியே வைத்துவிட்டார்கள்.

ஃபிரேம்வொர்க் என்பது கொலுப்படி மாதிரி. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. அது இல்லாமல் பொம்மை நிற்காது.

இங்கே வாசகர் ஒரு தடை எழுப்பலாம். லேப்டாப்பில் ஏற்கெனவே 4.8 இருக்கிறதே, எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் எதற்கு? நியாயமான தடைதான். 3.5ஐப் போட்டால் 2.0, 3.0 இரண்டும் அதற்குள்ளேயே வந்துவிடும். 4.8 வந்தால் 4.5 முதல் 4.7.2 வரை உள்ளவற்றின் இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும். ஆனால் 4.8க்குள் 3.5 கிடையாது. இரண்டும் தனித்தனிக் குடித்தனம். ஒரே பரம்பரை, ஓரிடத்தில் புதியது பழையதை அடக்கும் என்றும் இன்னோரிடத்தில் அடக்காது என்றும் சொல்வதற்குப் பவணந்தியார் வைத்த பெயர் மாறுகொளக் கூறல்.

சரி என்று பொத்தானை அழுத்தினால் 'தேவையான கோப்புகளைத் தேடுகிறது' என்ற அறிவிப்போடு ஒரு பட்டை ஓடும். இவ்வகைப் பட்டைகளை மக்கள் விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் என்ற ஆய்வாளர் 1985இலேயே கட்டுரை எழுதிக் காட்டினார். விரும்பத்தான் செய்கிறார்கள். பெரியம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து நின்று பார்ப்பார். பட்டை முதல் பாதியை ஒரே மூச்சில் கடக்கும், பிறகு நடக்கும், பிறகு நிற்கும். சென்று தேய்ந்து இறுதல் என்பதற்கு உரையாசிரியர்கள் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தர முடியாது. இறுதியில் ஒரு பெட்டி: கேட்ட மாற்றங்களைச் செய்து முடிக்க இயலவில்லை, பிழை எண் 800எஃப்081எஃப்.

இதன் பொருள் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்பதுதான். எந்த மூலம், எங்கே கிடைக்கும் என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும்படி ஒரு சொல் இல்லை. குன்றக் கூறல். உண்மையில் அந்தக் கோப்புகள் விண்டோஸ் நிறுவும் வட்டில் 'சோர்சஸ்' ஃபோல்டருக்குள் 'எஸ்எக்ஸ்எஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த வட்டோ கடைக்காரப் பையனின் பென்டிரைவில். பையனோ பென்டிரைவோடு போய் நாளாகிவிட்டது. சித்தப்பா வீட்டிலிருந்து இன்னொரு பென்டிரைவ் வரும். அதிலிருப்பது விண்டோஸின் வேறு பதிப்பு என்றால் மறுபடியும் அதே 081எஃப். மூலமும் விண்டோஸும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை அந்தப் பெட்டியில் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

குன்றக் கூறலுக்கு ஈடுகட்டத்தானோ என்னவோ, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிபிஎஸ் என்ற பெயரில் ஒரு லாக் கோப்பு உண்டு. திறந்தால் நோட்பேட் திணறும். ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றின் தலையிலும் தேதி, மணி, நிமிடம், விநாடி. 'இன்ஃபோ, இன்ஃபோ' என்று போய்க்கொண்டே இருக்கும் கூட்டத்தில் 'எரர்' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். மிகைபடக் கூறல் என்பதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒரு நன்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிழை பிறந்த விநாடி இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதால் அதற்கு ஜாதகம் கணிக்கலாம். கணிக்கும் மென்பொருள்தான் இன்னும் ஏறவில்லை.

இன்னொரு புகழ்பெற்ற எண், 80070643. விண்டோஸ் அப்டேட்டிலும் டாட்நெட் 4 வரிசையிலும் தலைகாட்டும். இதை உடைத்துப் பார்ப்பது இவ்வாய்வின் பெருமைக்குரிய பகுதி. முதலில் நிற்கும் 8007, இது விண்டோஸின் பொதுப் பிழைப் பட்டியலிலிருந்து வந்தது என்பதற்கான முத்திரை. மிச்சம் 643. அது பதினாறின் அடிப்படையில் எழுதிய எண். நம் கணக்குக்கு மாற்றினால் 1603. பட்டியலில் 1603க்கு நேரே எழுதியிருப்பது: நிறுவும்போது மீளமுடியாத பிழை. அதாவது நிறுவல் ஏன் தோற்றது என்றால் நிறுவல் தோற்றதால். கூறியது கூறலைச் சங்கேதத்தில் எழுதி வைக்கலாம் என்பது முனிவருக்குத் தோன்றாத உத்தி.

மற்றொன்று விரித்தலுக்கு ஒரே சான்று போதும். 2017இல் வந்த 4.7ஐ விண்டோஸ் 7இல் ஏற்றப் போனால், முப்பரிமாணப் படம் வரைய உதவும் டி3டி கம்பைலர் 47 இல்லையே என்று சொல்லி நிறுவி நின்றுவிடும். ஜாதகக் கட்டம் இரு பரிமாணம்தானே என்று வாதாடிப் பயனில்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை வீட்டில் மூன்று மரபுகள் உள்ளன. ரீஸ்டார்ட் மரபினரை அறிஞர்கள் ஏளனம் செய்வார்கள், நான் செய்யமாட்டேன். முந்தைய அப்டேட் ஒன்று பாதியில் நின்று அடுத்த ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தால் புதிய நிறுவல் உண்மையிலேயே தடைபடும். இரண்டாவது, கறுப்புத் திரை மரபு. பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் மாணவன் வந்து 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' என்று தட்டுவான், பிறகு 'டிஸ்ம்'. டிஸ்ம் 62.3 சதவீதத்தில் அசையாமல் நிற்பது உண்டு. அப்போது சன்னலை மூடாமல் காபி குடிக்கப் போவதுதான் முறை. அவனே கடைசியில் மூலக் கோப்புகளின் பாதையை டிஸ்மிடம் கையால் எழுதிக் கொடுத்து வேலையை முடிப்பான் என்பதால் இம்மரபுக்கே என் வாக்கு. மூன்றாவது ஃபார்மட் மரபு. அது சிகிச்சை அல்ல, துறவு.

பழைய டெஸ்க்டாப்பாக இருந்தால் திரையின் மூலையில் உள்ள தேதியை முதலில் பார்ப்பது நல்லது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் வருடக்கணக்கில் பின்னுக்குப் போகும். தேதி தப்பானால் பாதுகாப்பான இணைப்பு அமையாது, பதிவிறக்கமும் நடக்காது. ராகு காலத்தில் போட்டதால்தான் ஏறவில்லை என்று பெரியப்பா சொல்லும்போது, காலம்தான் காரணம் என்ற அளவில் அவர் கூற்று இங்கே முழுக்கத் தவறல்ல.

நிறுவல் வெற்றி பெற்றால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. டெஸ்க்டாப்பில் படம் இல்லை, ஸ்டார்ட் மெனுவில் பெயர் இல்லை. ரெஜிஸ்ட்ரியின் அடியாழத்தில், 3.5க்கான கிளையில், இன்ஸ்டால் என்ற பெயருக்கு எதிரே 1 என்று இருக்கும். தோற்றபோது எட்டு இலக்கம், வென்றபோது ஒன்று.

இனி ஜாதக மென்பொருள் திறக்கும். கட்டமும் வரும். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் எழுதிய மென்பொருள் அது; அந்த ஃபான்ட் புது லேப்டாப்பில் கிடையாது. லக்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய எழுத்துகள் தலையில் புள்ளியும் கொம்புமாக நெருக்கியடித்து நிற்கும். ஆய்வாளன் தேடிக்கொண்டிருந்த வழூஉச்சொற் புணர்த்தல், பன்னிரண்டு கட்டங்களிலும் ஒருசேர.

"இதுக்கு ஃபான்ட் ஏத்தணும் பெரியப்பா, சின்ன வேலைதான்" என்பான் பக்கத்து வீட்டு மாணவன்.

"ஏத்து, ஏத்து" என்பார் பெரியப்பா, பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ஒன்பதாம் இடம் வரைக்கும் நான் பேனாவுல போட்டாச்சு."