சந்தா விசாரம்

பங்குச் சந்தைச் செய்தி தரும் சந்தாவைக் கட்டுவதா, எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும் சந்தாவைக் கட்டுவதா, பின்னதுதான் என்றால் பலவற்றுள் எதை என்னும் வினா பம்பாயிலே பிறந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அக்கருத்து பிழையானது என்பதையும், அவ்வினாவுக்குரிய விடை தஞ்சை ஜில்லாவில் பஞ்சாங்க ரூபமாகத் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வருகிறது என்பதையும் நிறுவ முற்படுகிறேன். என் ஆதாரங்களுள் தலையாயவர் பாபநாசத்திலுள்ள என் சித்தப்பா.

முதலில் பிரமாணங்கள். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது என்று எகனாமிக் டைம்ஸோ பிஸினஸ் லைனோ அச்சிட்டால் அது பிரத்தியட்சம்; விலையும் அதற்குள் ஏறி முடிந்திருக்கும். ஆர்டர் குவிந்திருக்கிறது, ஆகையால் இலாபம் பெருகும் என்று ஆய்வறிக்கை சொல்வது அநுமானம். 'இதுதான் அடுத்த இன்ஃபோசிஸ்' என்பது உபமானம். வாட்ஸ்அப்பில் வரும் 'டிப்ஸ்' சப்தப் பிரமாணம். ஆனால் சப்தத்துக்குச் சொல்கிறவன் ஆப்தனாக இருக்கவேண்டும் என்பது நையாயிகர் விதி. அந்த ஆப்தன் யார் என்பதை வரையறுக்கவே செபி 2014-இல் ஆய்வாளர்களுக்கான ஒழுங்குமுறை விதிகளை வகுத்து, ஐ.என்.ஹெச். என்று தொடங்கும் பதிவெண்ணை வழங்கிவருகிறது. எண் பெற்றவர் இலாபத்துக்கு உத்தரவாதம் தரக்கூடாது என்பது விதி. உத்தரவாதம் தருகிறவரிடம் பெரும்பாலும் எண் இராது என்பது என் அநுபவம்.

இனிச் சித்தப்பா. நெல் விஷயத்தில் அவர் எவரையும் நம்புகிறவர் அல்லர். களத்தில் காயும் நெல்லில் ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று ஒடிந்தால்தான் கொள்முதல் நிலையத்துக்கு வண்டி கிளம்பும். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருப்பதாகக் கருவி காட்டினாலும், கருவியின்மேல் அவருக்குச் சம்சயம் தீராது. இப்பேர்ப்பட்டவர், அந்த நெல்லின் பணம் கணக்கில் ஏறிய மறுநாள், தாம் கண்ணாலும் பாராத ஒரு ரசாயனக் கம்பெனியைப் பற்றி, தாம் கண்ணாலும் பாராத ஓர் ஆய்வாளர் எழுதிய 40 பக்க அறிக்கையைத் திண்ணையில் சாய்ந்தபடி செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியிலிருந்த 'டார்கெட்' விலையை மட்டும் இரண்டு முறை வாய்விட்டு வாசித்துவிட்டு, 200 பங்கு வாங்கினார். அறிக்கையைக் கடித்துப் பார்க்க வழியில்லை.

அவர் கட்டியிருப்பவை இரண்டு சந்தாக்கள். பெயர் வேண்டாம். ஒரே பங்கை ஒரே நாளில் ஒன்று வாங்கச் சொன்னது, மற்றொன்று விற்கச் சொன்னது. வேற்றூரான் இதில் திகைப்பான், டெல்டாக்காரன் திகைக்கமாட்டான். சனிபகவான் 2025 மார்ச்சிலேயே மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச்சில்தான் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். வாக்கியத்தை அனுசரிக்கும் திருநள்ளாறு தேவஸ்தானமோ தன் கணக்குப்படியே விழா என்று அறிவித்துவிட்டது. கிரகத்தின் நடையிலேயே ஓராண்டு வித்தியாசம் இருக்கலாமானால் ரசாயனக் கம்பெனி எம்மாத்திரம்? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்ட பிறகு, அந்தத் தேதியில் முகூர்த்தம் உள்ள பஞ்சாங்கம் எதுவோ அதுவே எங்கள் குடும்பத்துப் பஞ்சாங்கம் என்று கண்டுகொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? சந்தாவும் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

சந்தாக்களின் பலிதத்தைச் சோதித்தவர் ஆல்ஃப்ரட் கௌல்ஸ் என்னும் அமெரிக்கர். 1928 முதல் நாலரை ஆண்டுக் காலம் 16 ஆலோசனை ஸ்தாபனங்கள் சிபாரிசு செய்த பங்குகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, அவை சராசரியில் சந்தையைவிடக் குறைவாகவே பலனளித்தன என்று 1933-இல் வெளியிட்டார். ஸ்தாபனங்கள் மூடிக்கொண்டு போய்விடவில்லை. நம் பக்கத்துக் கதையும் உண்டு. ஆர்பத்நாட் என்ற வங்கியின் பெயரே ஆய்வறிக்கையாக இருந்த காலத்தில், அதை நம்பிப் போட்ட பணம் 1906 அக்டோபரில் சென்னையில் முழுகிற்று. திருவிடைமருதூரில் பிறந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று பாடுபட 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. கும்பகோணத்துக்காரர்களோ 1904-இலேயே ஊருக்குள்ளேயே ஒரு வங்கியைத் தொடங்கிக்கொண்டார்கள். சிட்டி யூனியன் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. கடையைத் தெருவிலேயே வைத்துக்கொண்டால் முதலாளி காலையில் நடமாடுகிறாரா என்று எட்டிப் பார்க்கலாம். இந்தச் சந்தாவை எந்தச் செயலியும் தருவதில்லை.

போன வாரம் பாபநாசம் போயிருந்தேன். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சோகமாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன சித்தப்பா, பங்கு இறங்கிடுச்சா?"

"இறங்கினாப் பரவாயில்லடா. ரெண்டு பேரும் வித்துடுன்னே சொல்றானுங்க."

"அப்ப வித்துட வேண்டியதுதானே?"

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு செல்போனை என் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"மூணாவதா ஒண்ணு இருக்காமே, ஒரு மாசம் இலவசமாம். அதைக் கொஞ்சம் போட்டுக் கொடேன்?"