ஹூஸ்டன் கடிதம்: வாட்டமும் வடிகாலும்

மதிப்பிற்குரிய பெரியண்ணன் அவர்களுக்கு,

இந்நகரத்து வீடுகளின் பின்புறத்தில், மாலையில் நாற்காலி போட்டு அமர்வதற்கென ஏறத்தாழ நான்கு அங்குலக் கனத்தில் போடப்படும் கான்கிரீட் தளம் பாட்டியோ எனப்படும். சுவரிலிருந்து வெளிப்புறமாக அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும் என்பது பொது விதியாயினும், ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் இப்பகுதிக் களிமண் அவ்விதியைப் படித்ததில்லையாதலால், சில ஆண்டுகளில் தளம் சாய்ந்து, மழைநீர் தோட்டத்தை விடுத்து வீட்டுக்குள் வர வழி பார்க்கிறது.

இதற்குத் தீர்வு, தளத்தின் குறுக்கே பதித்துச் சல்லடை மூடியிட்ட வாய்க்கால் வடிகாலாகும். கூலி கேட்டு மலைத்துப்போகும் தமிழர், வார நாள்களில் மென்பொருள் பொறியாளராக இருந்துவிட்டு, சனிக்கிழமை கொத்தனாராகவும் ஞாயிற்றுக்கிழமை சித்தாளாகவும் பொறுப்பேற்கிறார்.

தோண்டுமுன், நிலத்தடிக் குழாய்களையும் வடங்களையும் குறித்துத் தரும் சேவைக்கு 811 என்ற தொலைபேசி எண்ணில் தெரிவித்து இரண்டு வேலை நாள்களாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் ஊழியர் கட்டணமின்றி வந்து, மின்வடத்தைச் சிவப்பிலும் எரிவாயுக் குழாயை மஞ்சளிலும் குடிநீரை நீலத்திலும் கழிவுநீரைப் பச்சையிலும் குறித்துச் செல்வதால், பொங்கலுக்குக்கூடக் கோலம் காணாத புல்வெளி வண்ணமயமாகிறது. புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய் வீட்டுக்காரரின் சொந்தச் சொத்தாதலால் அதை எவரும் குறிப்பதில்லை. எனவே அதுவே முதலில் உடைகிறது.

பின்னர், விளிம்பில் வைரத்துகள் பதித்த வட்டு சுழலும் இயந்திரத்தால் இரு இணைகோடுகள் அறுத்து, இடைப்பட்ட கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்க வேண்டும். அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்குமாதலின், நீர் பாய்ச்சுவதும் முகக்கவசம் அணிவதும் இன்றியமையாதவை. வாய்க்காலைத் தளமட்டத்திற்குச் சற்றே கீழாகப் பதித்து இருபுறமும் கலவை இடுகையில், மூடியைக் கழற்றிவிட்டால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி நெருங்கி, பிறகு மூடி எந்நாளும் பொருந்தாது.

எல்லாம் முடிந்தபின், வடியும் நீர் எங்கே போவது என்னும் வினா எழுகிறது. இயல்பான ஓட்டத்தைத் திருப்பி அயலார் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதை டெக்சாஸ் சட்டம் தடுக்கிறது. ஊரில் கீழவீட்டார் தெருவில் நின்று உரக்க எடுத்துரைக்கும் அதே கோட்பாடு இங்கு அச்சிடப்பட்டுள்ளது என்பதே வேறுபாடு. ஆகவே வடிகால் குழாயை அடிக்கு அரைக்கால் அங்குலமாவது வாட்டம் பார்த்துத் தெருவோரம் வரை கொண்டுசெல்ல வேண்டியுள்ளது.

தாங்கள் மாடியில் புதிய தளம் போடவிருப்பதாக அறியவருவதால், கலவை இறுகுமுன் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுவது நலம். இறுகியபின் வாட்டம் தேடுவோருக்கு வைரம் வாங்க வேண்டிவருகிறது. அதையும் அண்ணியார் கழுத்தில் அணிய இயலாது.

இங்ஙனம்,
தங்கள் அன்புத் தம்பி