பதினாறும் பார்த்துப் பெருவாழ்வு

எந்தப் பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதிக்குப் போனாலும் மாடிக்கு ஒருத்தியாவது இருப்பாள். கண்டுபிடிப்பது சுலபம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மேல் அவளை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது. கொரியாவில் அப்போது மணி இரவு ஒன்பதே கால், வார இறுதி நாடகம் தொடங்கும் நேரம். சப்டைட்டிலோடு அது நம் ஊர் போனுக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் அவள் துணி அலசுவாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள், வீட்டுக்கு போன் போட்டு "படிச்சிட்டு இருக்கேன்மா" என்பாள்.

எனக்குத் தெரிந்தவள் அண்ணன் மகள். ஊர் கோவில்பட்டி, படிப்பு இ.சி.இ. மூன்றாம் ஆண்டு, கல்லூரி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். பெயரை எழுதினால் அடுத்த முறை அண்ணன் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. நம் நாயகி என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்கும் அதுதான் பிடிக்கும்.

கணக்கில் அவள் புலி. ஒரு நாடகம் பதினாறு எபிசோடு, ஒன்றுக்கு எழுபது நிமிடம், ஆக மொத்தம் பதினெட்டு மணி நாற்பது நிமிடம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தால் திங்கட்கிழமை சைக்கிள் டெஸ்ட்டுக்கு முன்னால் முடித்துவிட்டுக் குளிக்கக்கூட நேரம் இருக்கும் என்று வாயாலேயே போட்டுச் சொல்வாள். இதே பெண்தான் ஃபூரியர் பெயரைக் கேட்டாலே வியர்த்து, அந்தப் பேப்பரில் அரியர் வைத்தவள். என்பிடெல் ஆன்லைன் வகுப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவாள். நடிகர் ஹியூன் பின் திரும்பிப் பார்க்கும் காட்சியைப் பாதி வேகத்தில் ஓட்டுவாள். மிச்சம் பிடித்த நேரத்தைத்தானே செலவு செய்கிறேன் என்பது அவள் கட்சி. எழுபத்தைந்து சதவீத வருகைப் பதிவு வேண்டும் என்ற விதியை அவள் அளவுக்குப் பயபக்தியோடு கடைப்பிடிப்பவர் யாரும் இல்லை. தப்பித் தவறி எழுபத்தாறு வந்துவிட்டால், அநியாயமாக ஒரு பீரியட் போய்விட்டதே என்று மாய்ந்துபோவாள்.

லட்சியம் இல்லாத பெண் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மூன்று வாரத்துக்கு ஒன்று வைத்திருக்கிறாள். 'வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் போக் ஜூ' பார்த்த கையோடு, தான் பிறந்ததே பளு தூக்கத்தான் என்று முடிவு கட்டினாள். முதல் பயிற்சியாக விடுதியின் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி, சிந்தாமல் மேலே கவிழ்த்தாள். மாடியே கைதட்டியது. அடுத்த நாடகத்தில் அந்த லட்சியம் போய்விட்டது, கேன் போகவில்லை. இன்றுவரை அந்த மாடிக்குக் கேன் மாற்றுவது அவள்தான். 'இட்டேவான் கிளாஸ்' பார்த்து ஓட்டல் வைக்கப் போனாள். 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ' பார்த்து, பி.இ. முடித்தவர்களும் மூன்று வருடத்தில் சட்டம் படிக்கலாம் என்று கண்டுபிடித்து அப்பாவுக்கு போன் போட்டாள். "வாதாடுறது இருக்கட்டும், மொதல்ல அரியர் கேஸை முடி" என்று தள்ளுபடி செய்துவிட்டார் அண்ணன்.

இவற்றில் வரலாற்றுச் சிறப்பு 2020-இல் வந்த 'ஸ்டார்ட் அப்' நாடகத்துக்குத்தான். அதைப் பார்த்துவிட்டு அறைத் தோழிகள் மூவரையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு ஒரு நிறுவனமே ஆரம்பித்துவிட்டாள். மெஸ்ஸில் இன்று என்ன சாப்பாடு என்று சொல்லும் செயலி. ராத்திரி கண் விழித்து எழுதினார்கள். செயலி கச்சிதமாக வேலை செய்தது. எப்போது திறந்தாலும் 'சாம்பார்' என்று காட்டியது. இதைத் தெரிந்துகொள்ள போன் எதற்கு, மூக்கு போதாதா என்று விடுதிவாசிகள் கேட்டார்கள்.

நிறுவனம் உடைந்தது அதனால் அல்ல, நாடகத்தின் கதையால். கதாநாயகி சிறுமியாக இருந்தபோது அவளுக்கு ஆறுதலாகக் கடிதங்கள் எழுதியவன் ஹான் ஜி பியோங். அவளுடைய பாட்டி கேட்டுக்கொண்டதற்காக எழுதினான், அதுவும் நாம் தோ சான் என்ற வேறொரு பையனின் பெயரைப் போட்டு. கடைசியில் அவள் கையைப் பிடிப்பவன் பெயருக்குச் சொந்தக்காரன்.

"எழுதுனவனுக்கு ஒண்ணும் கிடையாதாம், பேரு வெச்சிருந்தவனுக்குப் பொண்ணாம். இது என்னடி நியாயம்?"

"அவ வளந்தப்புறம் கூட நின்னவன் தோ சான்தானே? பழைய லெட்டரை வெச்சு இப்ப எவடி கல்யாணம் பண்ணுவா?"

அறை இரண்டாகப் பிரிந்தது. தோ சான் கட்சிக்கு ஜன்னலோரக் கட்டில்கள், ஜி பியோங் கட்சிக்குக் கதவோரக் கட்டில்கள், நடுவில் பொதுவான வாளி ஒன்று. செயலியின் பாஸ்வேர்டு ஒரு கட்சியிடமும் லேப்டாப் இன்னொரு கட்சியிடமும் மாட்டிக்கொண்டதில் நிறுவனம் மூடப்பட்டது. கொரிய நாடகம் பார்ப்பவர்களில் பாதிப் பேர் இரண்டாம் நாயகனுக்காக அழுகிறவர்கள்தான். என்னைக் கேட்டால் நானும் ஜி பியோங் பக்கம். ஆனால் அந்த அறையில் என்னை யாரும் கேட்கவில்லை.

இந்தக் காய்ச்சல் நேற்று வந்ததல்ல. மணிப்பூரில் 2000-இல் ஓர் ஆயுதக் குழு இந்திப் படங்களுக்குத் தடை போட்டதும் அந்த இடத்தில் கொரியப் படங்களும் நாடகங்களும் வந்து உட்கார்ந்துவிட்டன. 2006-இல் தூர்தர்ஷனே அரண்மனைச் சமையல்காரி ஜாங் கியுமின் கதையைக் காட்டியது. பிறகு புதுயுகம் தொலைக்காட்சி கொரிய நாடகங்களைத் தமிழில் டப் செய்து போட்டது. நம் நாயகியின் பெரிய அக்காமார்கள் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' லீ மின் ஹோவைப் பென் டிரைவில் கைமாற்றிக் காப்பாற்றியவர்கள். அந்தக் கதை ஜப்பானியப் படக்கதையாகப் பிறந்து, 2001-இல் தைவானிலும் 2005-இல் ஜப்பானிலும் 2009-இல் கொரியாவிலும் 2018-இல் சீனாவிலும் நாடகமானது. நான்கையும் பார்த்தவள் இவள். அக்காமார்கள் ஒன்றோடு நின்றுவிட்டார்கள் என்பதில் அவளுக்கு லேசான இளக்காரம் உண்டு. அதைவிடப் பெரிய இளக்காரம், "கொரியன்னா அந்த ஸ்குவிட் கேம்தானே?" என்று கேட்கும் என் போன்றவர்கள் மேல்.

வீட்டில் அவளுக்கு நேரடி எதிரி அவள் அம்மா, என் மதினி. மதினி பார்க்கும் தமிழ் சீரியல் ஆயிரம் எபிசோடு தாண்டி, குழந்தையாக வந்தவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். அதைக் கேலி செய்யாமல் நம் நாயகிக்கு இட்லி இறங்காது. மதினி லேசுப்பட்டவரா? ஒரு லீவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு பட்டியல் எடுத்தார். மூஞ்சியில் தண்ணியை ஊற்றும் மாமியார், பணக் கவரை மேசையில் தள்ளி "என் பையனை விட்டுடு" என்னும் மாமியார், நினைவு தப்பிப் போகும் நாயகன், அவன் மேல் மோதுவதற்காகவே எங்கிருந்தோ வரும் வெள்ளை லாரி. 2014-இல் ஒரு கொரியத் தொடரில் மாமியார் ஊறிய கிம்சியை எடுத்து மருமகன் கன்னத்தில் அறைந்த காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. அதையும் யாரோ மதினிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அங்க ஊறுகாயால அடிச்சா கலை, இங்க கையால அடிச்சா மட்டும் மட்டமா?"

"நாங்க பதினாறுல முடிச்சிருவோம்மா."

"ஆமா, பதினாறு பதினாறா நூறு பாக்குற. கூட்டிப் பாரு, யாரு அதிகம்னு."

கணக்கில் புலி அன்றைக்கு மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை.

முகத்துக்குப் போட அவள் ஆன்லைனில் வாங்கிய கொரிய அரிசித் தண்ணீர்ப் பாட்டில் வந்த அன்று மதினி மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "இதைத்தானேடி நம்ம மாட்டுக்கு ஊத்துனோம்? மாடு பளபளன்னுதான் இருந்துச்சு" என்றார். பாட்டில் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது, பூட்டு போட்டு.

அண்ணன் வேறு வழியாக உள்ளே வந்தார். 'கொரியாவின் முதல் அரசி ஒரு தமிழச்சி' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்ததிலிருந்து அவருக்குக் கொரியா சம்பந்தி வீடு. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் குறுக்கே விழுந்தாள். இந்தக் கதைக்கு ஆதாரமான 'சாம்குக் யூசா' என்ற நூல் 13-ஆம் நூற்றாண்டில் ஒரு பௌத்தத் துறவி தொகுத்தது, கி.பி. 48-இல் 'அயுதா' நாட்டிலிருந்து கப்பலில் வந்த இளவரசி ஹியோ ஹ்வாங் ஓக், சுரோ மன்னனைக் கட்டிக்கொண்டாள் என்று மட்டும்தான் அதில் இருக்கிறது; அந்த அயுதா அயோத்திதான் என்று சொல்லி அயோத்தியில் நினைவுச் சின்னமே எழுப்பிவிட்டார்கள் என்றாள். பந்தியில் ரசம் வந்து போகும்வரை அண்ணன் பேசவில்லை. பிறகு, "நாமதான் லேட்டு" என்றார்.

இத்தனை லட்சியங்களில் ஒன்று மட்டும் பதினாறு எபிசோடைத் தாண்டி நிற்கிறது. கொரிய மொழி படித்து மொழிபெயர்ப்பாளர் ஆவது. மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் நாட்டுக்கு அறிவித்த எழுத்து அது; இன்று அடிப்படை எழுத்துகள் 24. எல்.கே.ஜி.யிலிருந்து 247 எழுத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு அது ஒரு வார இறுதி வேலை. கொரிய மொழித் திறனுக்கான டோபிக் தேர்வில் ஆறு நிலைகள். முதல் இரண்டுக்கு ஒரு தாள், மூன்று முதல் ஆறு வரைக்கு இன்னொரு தாள். முதல் தாளுக்கு இப்போது மும்முரமாகப் படிக்கிறாள், அதுவும் யாரும் சொல்லாமல், அதிகாலையில். ஃபூரியருக்கு எழுந்திருக்காத உடம்பு இதற்கு எழுந்திருக்கிறது. யோசித்தால் புத்திசாலித்தனமான காரியம்தான். ஹுண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது, 2007-இல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகளும் கொரியச் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. ஆலையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேச ஆள் வேண்டும். "ஹீரோவைத் தேடி சியோலுக்கு ஏன்டி போகணும், ஷேர் ஆட்டோ போதுமே" என்பது தோழிகளின் ஆலோசனை.

அந்த ஷேர் ஆட்டோ தூரத்தில்தான் தன் வாழ்வின் முதல் கொரியரை அவள் பார்த்தாள். சூப்பர் மார்க்கெட்டில் கம்பெனிச் சட்டையோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தர்ப்பூசணியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் நாயகி போய் நின்று, இடுப்பை மடித்துத் தொண்ணூறு டிகிரி குனிந்து, "அன்னியோங்ஹாசேயோ" என்றாள். அவர் பழத்தைக் கீழே வைக்காமலே "வணக்கம்மா" என்று சொல்லிவிட்டு, கடைக்காரப் பையனிடம் திரும்பி, "தம்பி, கொறச்சுக்கோ" என்றார். அன்று ராத்திரி எனக்கு போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"தொப்பை இருக்கு சித்தப்பா."

அந்தக் குனிதல் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து நீட்டும் ஒரே மாணவி அவள்தான் என்று துறைத் தலைவர் நெகிழ்ந்துபோனாராம். இன்டர்னல் மார்க்கில் அந்த நெகிழ்ச்சி தெரிகிறது.

போன செமஸ்டர் லீவில் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். நடு வீட்டு டிவியில் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'. சியோல் பணக்காரப் பெண் பாராகிளைடிங் போய், சூறாவளியில் எல்லை தாண்டி வடகொரியாவில் விழுந்து, அங்குள்ள ராணுவ கேப்டன் வீட்டில் ஒளிந்திருக்கும் கதை. என் அம்மா, அவளுக்கு ஆச்சி, டிவிக்கு நேர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சப்டைட்டில் ஓட வேண்டிய இடத்தில் ஆச்சியின் கொண்டை இருந்தது. நகரச் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. தமிழ் டப்பிங் வைப்பது நம் நாயகியின் கொள்கைக்கு விரோதம். ஆகவே காதால் கேட்டு, கோவில்பட்டித் தமிழில் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இவன் யாரு?"

"பட்டாளத்துக்காரன், ஆச்சி."

"அவ?"

"பெரிய கம்பெனிக்காரி. காத்துல அடிச்சிட்டு வந்து விழுந்துட்டா."

"கொமரப்பிள்ளயக் காத்துல விட்டுட்டு ஆத்தாக்காரி அங்க என்னத்தப் பண்ணுதா?"

கேப்டன் நீளமாக ஏதோ பேசினான். "என்ன சொல்லுதான்?" என்றார் ஆச்சி. நம் நாயகி விழித்தாள். கொண்டைக்கு இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள், வலப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "காப்பி வேணுமான்னு கேக்கான்" என்று அடித்துவிட்டாள். நல்ல வேளை, அவன் அடுத்த நிமிடம் காப்பிக்கொட்டையை எடுத்து வறுக்க ஆரம்பித்தான்.

"வறுத்து, அரைச்சுப் போட்டுக் குடுக்கான் பாரு. உங்க தாத்தா ஒரு நா ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுத்திருப்பாரா?"

நாளுக்கு ஒன்றாக ஓடியது. டோபிக் தேர்வில்கூட இவ்வளவு கண்டிப்பான கண்காணிப்பாளர் இருக்க மாட்டார். ஒரு வசனத்தை விட்டாலும் ஆச்சிக்குத் தெரிந்துவிடும், "அவன் இம்புட்டு நேரம் பேசுனான், நீ என்ன ஒத்த வார்த்தையில முடிச்சுட்ட?" என்று மடக்குவார். எட்டு, ஒன்பது எபிசோடுக்கு மேல் அவள் எட்டிப் பார்ப்பதைக் குறைத்துவிட்டாள் என்று மதினி சொன்னார். பதினாறும் முடிந்த அன்று போனில் அவர்கள் சண்டை எனக்கே கேட்டது. காதலர்கள் இருவரும் வேறு வேறு நாடு என்பதால் வருடத்துக்கு இரண்டு வாரம் சுவிட்சர்லாந்தில் சந்தித்துக்கொள்வதாகக் கதையை முடித்திருந்தார்கள்.

"ரெண்டு வாரமா? அப்ப தாலி?"

"கட்டல, ஆச்சி."

"இதுக்கா நா பதினாறு நாளா இடுப்பொடிய உக்காந்தேன்?"

"ஆச்சி, ஆச்சி, நிஜத்துல கட்டிக்கிட்டாங்க. அந்த ரெண்டு பேருமே. 2022-ல. ஒரு பையன் இருக்கான்."

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது.

"அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன கேடு? சரி, அடுத்ததப் போடு. தாலி கட்டுவானான்னு பாத்துப் போடு."