மருந்துக் காய்க்கு வந்த நோய்

கேள்வி: ஜப்பானின் 'உமே' லேகியம் ரத்தத்தைத் தடையில்லாமல் ஓடவைக்கும் என்று விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்களாமே! ஒரு பாட்டில் வாங்கலாமா?

பதில்: முதலில் ஆசாமி யாரென்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் பிளம் என்கிறார்கள்; உறவுமுறையில் ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருக்கம். பூர்விகம் சீனா. ஆனால் ஜப்பானில் பணியாற்றிய சீபோல்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் வழியாக அறிவியல் ஏட்டில் ஏறியதால், ஜப்பானியப் பெயரே ஒட்டிக்கொண்டு 'புருனஸ் மூமே' ஆகிவிட்டது. நீங்கள் பார்த்த விளம்பரம் முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அது பாதி உண்மை என்பதுதான் தொல்லை. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உமேச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய லேகியத்தில் 'மூமெஃபுரால்' என்றொரு புதுச் சேர்மத்தைக் கண்டார்கள். மிக நுண்ணிய கால்வாய்கள் கொண்ட ஒரு கருவியில் சோதித்தபோது, அதனால் ரத்தம் இன்னும் இலகுவாக ஓடியது. ஆனால் பிழிந்த பச்சைச் சாற்றில் அந்தச் சேர்மம் கிடையாது. காய்ச்சும்போது சர்க்கரையிலிருந்து பிறக்கும் ஒரு பொருள், காயின் சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து உண்டாவது. ஆக, பாராட்டில் பாதியை அடுப்புக்குக் கொடுக்க வேண்டும். மீதிப் பாதியும் கருவியின் கால்வாயோடு நின்றுவிடுகிறது. வாய், வயிறு, குடல், ஈரல் என்று நான்கு சுங்கச்சாவடி தாண்டி நம் ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது வேறு கேள்வி. அதற்கான பதிலை அந்தக் கருவியிடம் கேட்க முடியாது.

கேள்வி: ஆயிரம் வருஷமாக ஒரு நாடே சாப்பிடுகிறது. அதைவிடவா ஆராய்ச்சி பெரிது?

பதில்: நியாயமான மறுப்புத்தான். ஆனால் பழக்கத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது சொல்வது முழுவதையும் கேட்டாக வேண்டும். விலாங்கு மீனையும் உமே ஊறுகாயான உமேபோஷியையும் சேர்த்துத் தின்னக் கூடாது என்பதும் அதே ஜப்பானியப் பழக்கம் சொன்னதுதான். அறிவியலில் அதற்கு ஆதாரமில்லை. பச்சை உமேக் காயைக் கடிக்காதே என்றும் சொன்னது. அது அசல் உண்மை. பச்சைக் காயிலும் கொட்டையிலும் உள்ள அமிக்டலின் சிதையும்போது சயனைடு வெளிப்படும். பழுக்கப் பழுக்க, உப்பில் ஊற ஊற, அது குறைகிறது. ஒரே பாட்டி சொன்ன இரண்டில் ஒன்று சரி, ஒன்று தவறு. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆராய்ச்சி.

ஜப்பானின் உமே விளைச்சலில் பாதிக்கு மேல் தரும் வாகயாமா மாகாணத்தில் மினாபே என்றோர் ஊர். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. உமேயை நிறையச் சாப்பிட்டவர்களின் வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி ஏற்படுத்தும் அழற்சி குறைவாகத் தெரிந்தது. விளம்பரக்காரர்கள் இத்துடன் பக்கத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வரியையும் படியுங்கள்: கிருமி தொற்றாதவர்களின் விகிதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உமே கிருமியை விரட்டவில்லை. அதன் சேட்டையை அடக்கியிருக்கலாம், அவ்வளவே. அதுவும் 'இருக்கலாம்'தான். ஒரே காலத்தில் எடுத்த கணக்கில், உமே சாப்பிட்டதால் வயிறு நன்றாக இருந்ததா, வயிறு நன்றாக இருந்தவர்கள் புளிப்பைத் தைரியமாகத் தின்றார்களா என்று பிரிப்பது கடினம். இன்னொரு பக்கம் உப்பு. பழைய முறை உமேபோஷியில் அது 20 சதவீதம் வரை போகும். பத்து கிராம் சதையில் இரண்டு கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைத்த வரம்பே ஐந்து கிராம். ரத்த ஓட்டத்துக்கென்று உமேபோஷி தின்று ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்வது என்ன வைத்தியமோ!

கேள்வி: அப்படியானால் உமே ஆராய்ச்சியே வீண் என்கிறீர்களா?

பதில்: நான் எங்கே சொன்னேன்? 'எனக்கு என்ன லாபம்' என்று மரத்தைக் கேட்டால் அது மழுப்புகிறது. 'நீ எப்படி வாழ்கிறாய்' என்று கேட்டால் தெளிவாகப் பேசுகிறது. குளிர் போவதற்குள் பூத்துவிடும் இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? திபெத்தில் வளர்ந்த ஒரு காட்டு மரத்தை வைத்து, பெய்ஜிங் வனவியல் பல்கலைக்கழகத்தார் 2012இல் உமேயின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். குளிர்கால உறக்கத்தை ஆளும் மரபணுக்கள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. பூவின் மணத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுக் குடும்பமும் இதில் பெருகிக் கிடக்கிறது. இங்கே வாங்கு என்று யாரும் நச்சரிப்பதில்லை. ஆகவே ஆய்வும் நிதானமாகப் பேசுகிறது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா' என்று நீங்கள் கேட்பதற்குள் ஓமே நகரத்தைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் மேற்கே உள்ள அந்த ஊரின் பெயரை எழுதும் எழுத்துகளுக்கே 'பச்சை உமே' என்றுதான் பொருள். அங்கே 2009இல் உமே மரங்களின் இலைகளில் வளையம் வளையமாகத் தெரிந்தது என்ன என்று தேடியவர்கள் 'பிளம் பாக்ஸ்' வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் அந்த வைரஸ் அகப்பட்டது அதுவே முதல் தடவை. அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. பிடித்த மரத்தை வெட்ட வேண்டும், சந்தேகப்பட்டதையும் வெட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் மருந்தென்று விற்கப்படும் மரத்துக்குத் தன் நோய்க்கு மருந்தில்லை. பூப் பார்க்கக் கூட்டம் திரளும் அவ்வூரின் யோஷினோ பைகோ தோட்டத்தில் 2014இல் ஒரு மரம்கூட விடாமல் வெட்டினார்கள். மறுபடி கன்று நடத் தொடங்கியது 2016இல்.