ராஞ்சுவுக்கு ராஜமரியாதை

கல்முனைச் சந்தையில் கீரி மீனுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டும் நம்ம காக்கா, ராஞ்சு தங்கமீனுக்கு மட்டும் கேட்ட காசை மறுபேச்சில்லாமல் நீட்டினார். முதுகுத் துடுப்பு கிடையாது, ஊதிய வயிறு, ஒழுங்காக நீந்தவும் வராது. மேலிருந்து பார்த்து ரசிக்கவென்றே ஜப்பானில் வளர்த்தெடுத்த இனம். காக்கா அதை உருண்டைக் குடுவையில் விட்டு அலுமாரி உச்சியில் வைத்திருக்கிறார். நாம் அண்ணாந்து வயிற்றைத் தரிசிக்கலாம். அந்தக் குடுவையை ரோம் நகரசபை 2005இல் தடைசெய்தது வேறு கதை. தன் கழிவின் அமோனியாவே அதற்கு நஞ்சாம். அடிக்கடி தண்ணீர் மாற்றவேண்டும். குளோரின் போகட்டுமென்று வீட்டு வாளியெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது. குளிக்க வாளி தேடிய உம்மா கேட்டார்: “மகன், ஆணத்துக்கும் உதவாத இதுக்கா இவ்வளவு தண்ணி?”