திரைக் கொந்தியல்: கடலூர் – சிதம்பரம் தடத்தில் ஒரு முன்னாய்வு

ஹேக்கருக்குத் தமிழ் ‘கொந்தர்’ என்று ஒரு சாரார் முடிவு கட்டிவிட்டார்கள். ஆகவே, கொந்துவது எப்படி என்று பார்க்குமுன், அந்தச் சொல் கொத்துவதிலிருந்து வந்ததா, குத்துவதிலிருந்து வந்ததா என்று நாற்பது பக்கம் எழுதுவதே முறை. நம் ஆய்வுலகில் அந்த நாற்பது பக்கத்துக்குத்தான் பட்டம். பொருளுக்குள் போனவன் இன்னும் வைவா தேதிக்குக் காத்திருக்கிறான். எனக்குப் பட்டம் வேண்டாம் என்பதால் நேரே களத்துக்குப் போகிறேன்.

களம்: கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பஸ், டிரைவர் தலைக்கு மேல் டிவி. மாதிரியின் அளவு: ஒன்று. ஆய்வாளரின் நிலை: பின்சக்கரத்துக்கு நேர் மேலே. (சீட்டின் ஆட்டம் முடிவுகளைப் பாதிக்கவில்லை, காண்க: கண்டக்டர், வாய்மொழி, ஆலப்பாக்கம்.)

திரைக் கொந்தர் நால்வகைப்படுவர். முதலாமவர் பச்சை எழுத்துக் கொந்தர். கறுப்புத் திரையில் பச்சை மழை பெய்யும், அவ்வளவுதான். இரண்டாமவர் கூட்டுக் கொந்தர். அமெரிக்கத் தொடர் ஒன்றில் ஒரே கீபோர்டை இருவர் தட்டினார்கள். ஒரே பெஞ்சில் பரீட்சை எழுதிய எவருக்கும் இது புதிதல்ல. மூன்றாமவர் முகவரிக் கொந்தர். ஐபி முகவரியின் நான்கு எண்களில் எதுவும் 255ஐத் தாண்டாது. சினிமாவிலோ 300, 400 சர்வ சாதாரணம். யாருடைய நிஜ முகவரியும் திரையில் வந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். உதாரணம் காட்டுவதற்கென்றே மூன்று தொகுதி முகவரிகளை 2010இலேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள், 203.0.113 என்று தொடங்குவது அதில் ஒன்று. கோடம்பாக்கத்துக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

நான்காமவர் ஸ்பேஸ் தட்டாக் கொந்தர். இவரே இவ்வாய்வின் உயிர். நாயகன் பத்து விரலாலும் வெளுத்து வாங்குகிறான்; கட்டைவிரல் மட்டும் ஸ்பேஸ் பாரைத் தொடுவதே இல்லை. பிழை நேராததால் பேக்ஸ்பேஸும் இல்லை. இதை விளக்க இரு கொள்கைகள் உண்டு. ஒன்று, ஏட்டுக் கொள்கை: ஓலைச்சுவடியில் சொல்லுக்கிடையே இடைவெளி கிடையாது, புள்ளியும் கிடையாது, எனவே இது நம் தொல்மரபின் எச்சம் (பரண், மூன்றாவது டிரங்குப் பெட்டி, கரப்பான் தின்ற பக்கம்). மற்றது, தட்டச்சுக் கொள்கை: ஹையர் பரீட்சையில் தேவையில்லாமல் ஸ்பேஸ் தட்டி மதிப்பெண் இழந்த தலைமுறையின் அச்சம் அது (அதே டிரங்குப் பெட்டி, மூடியின் உட்புறம், அத்தையின் ஹால் டிக்கெட், பின்பக்கம், பென்சில் குறிப்பு, இதற்கு அத்தையின் மறுப்பு, மேற்படி பெட்டிமேல் உட்கார்ந்தபடி, இரண்டாம் காபி, அடி வண்டல்). இரு தரப்பும் இப்போது ஒருவருக்கொருவர் பத்திரிகை வைப்பதில்லை.

மெய்ம்மைவாதிகளும் உண்டு. 2003இல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ இரண்டாம் பாகத்தில் டிரினிட்டி ‘என்மேப்’ என்ற நிஜக் கருவியை ஓட்டியதற்கு மேலைப் புலவர்கள் புல்லரித்தார்கள். இங்கே 1986இலேயே ‘விக்ரம்’ படத்தில் கடத்தப்பட்ட ஏவுகணையை மீட்க உளவாளியோடு கணினி நிபுணரும் போனார். எழுதியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதா. நமக்குத்தான் புல்லரிக்கத் தெரியவில்லை.

பஸ்ஸில் ஓடியது 2018இல் வந்த ‘இரும்புத்திரை’. தங்கை கல்யாணத்துக்காக ராணுவ மேஜர் போலிக் காகிதம் கொடுத்துக் கடன் வாங்குவார். கணக்கிலிருந்து பணம் துடைத்தாற்போல் போகும். சரியாகப் புதுச்சத்திரத்தில், முன்சீட்டுப் பெரியவருக்குப் போன் வந்தது.

“ஆமாங்க, மெசேஜ் வந்திருக்குங்க... நாலு... எட்டு... இருங்க, ஒண்ணும் கேக்கல. ஏம்பா, அந்தப் படத்த கொஞ்சம் நிறுத்து! பேங்க்லேருந்து பேசறாங்க!”

கண்டக்டர் சத்தத்தை அறவே குறைத்தார். களத்தில் ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது என்ற நெறியை மீறி, “ஐயா, சொல்லாதீங்க!” என்று கத்தினேன். “நீ யாருப்பா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தவர், மீதி எண்களை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். பாதுகாப்பு கருதி.

வெள்ளாற்றுப் பாலம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கொந்தலை உள்ளபடி சொன்ன தமிழ்க்கதை, பஸ் போய் நிற்கும் ஊரிலேயே இருக்கிறது. தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயில் அறையில் மூவரின் கை இலச்சினையோடு பூட்டிக் கிடந்தன என்கிறது திருமுறை கண்ட புராணம். கைரேகைப் பூட்டு என்க. மூவரும் நேரில் வந்தால்தான் திறக்கும் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர். மன்னன் (ராஜராஜன் என்பது வழக்கு) கதவை இடிக்கவில்லை. மூவரின் திருவுருவங்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து, இதோ வந்துவிட்டார்கள் என்றான். சிலை இறைவனாகும் ஊரில் யார் மறுப்பது? கதவு திறந்தது. போட்டோவைக் காட்டிப் போனைத் திறக்கும் வித்தைக்கு இதுவே ஆதி. உள்ளே புற்று, பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. மிஞ்சியது ஏறத்தாழ 800 பதிகம். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்: திருவிடைவாய்ப் பதிகம் ஒன்று 1917இல் அவ்வூர்க் கோயில் கல்வெட்டிலேயே கிடைத்தது.

சிதம்பரத்தில் இறங்கியதும் பெரியவர் என் பின்னாலேயே வந்தார். “தம்பி, ஏதோ மெசேஜா வருது, எல்லாம் இங்கிலீசு. பாத்துச் சொல்லு” என்று போனை என் கையில் வைத்தார். நான் யார் என்று இந்த முறை கேட்கவில்லை.