“நான் ஒண்ணுமே பண்ணலண்ணா!”

மார்ச் பிறந்தால் போதும், பொறியியல் கல்லூரி விடுதிகளில் ஒரு ரகம் நடமாடத் தொடங்கும். கையில் ஆர்டுயினோ ஊனோ போர்டு, முகத்தில் பால் வடியும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த சீனியரின் கதவைத் தட்டி, “நான் ஒண்ணுமே பண்ணலண்ணா, தானா நின்னுபோச்சு” என்பார்.

போர்டில் வீசும் கருகல் வாடை வேறு கதை சொல்லும். “அது பக்கத்து ரூம் கொசுவத்திண்ணா.”

விவரமான சீனியர் இவரை விசாரிக்க மாட்டார், மல்டிமீட்டரை விசாரிப்பார். அதை கன்டினியூட்டியில் திருப்பி, 5 வோல்ட் பின்னிலும் கிரவுண்டிலும் முனைகளை வைப்பார். விடாமல் ‘பீ’ என்று கத்தினால் உள்ளே ஷார்ட் என்று பொருள். நம்மாள் முகம் மலரும். “சவுண்டு வருதுண்ணா, உசுரு இருக்கு!”

கத்தவில்லையென்றால் யுஎஸ்பியில் செருகி, சிப்பின் முதுகில் விரல் வைக்க வேண்டும். சும்மா இருக்கும் சிப் சுடக்கூடாது. சீனியர் விரலை உதறிக்கொண்டிருக்கும்போதே இவர் பச்சை விளக்கைக் காட்டுவார்: “எரியுதேண்ணா!” அந்த விளக்கு 5 வோல்ட் லைனில் தொங்குவது. சிப்புக்குக் கருமாதி முடிந்த பிறகும் எரியும்.

உண்மை தவணை முறையில்தான் வரும். முதல் தவணை: “அடாப்டர்தாண்ணா போட்டேன்.” அதில் தப்பில்லை, வட்ட ஜாக்கில் 7 முதல் 12 வோல்ட் வரை தரலாம், ரெகுலேட்டர் அதை 5 ஆக்கிவிடும். இரண்டாம் தவணை: “ஜாக் லூஸா இருந்துச்சு, வயரை வெட்டி நேரா பின்ல குடுத்தேன்.” எந்தப் பின்? இங்கே நீண்ட மௌனம். “5 வோல்ட்னு போட்டிருந்துச்சே, அதுலதான். 12 குடுத்தா மோட்டார் வேகமா சுத்தும்ல?”

அந்தப் பின்னுக்கும் சிப்புக்கும் நடுவே ரெகுலேட்டர் கிடையாது. ஏடிமெகா328பி சிப் தாங்கும் உச்சம் 6 வோல்ட். இவர் போட்டது இரட்டை விருந்து.

அடுத்தது பிழைத்தவர் கணக்கு. ரீசெட்டைக் கிரவுண்டில் கட்டி, 0, 1 பின்களை ஒரு ஜம்பர் வயரால் இணைத்து, சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்ட வேண்டும். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் யுஎஸ்பி பக்கத்துச் சிப் நலம். போனது பெரிய சிப் மட்டும். 28 கால்களோடு சாக்கெட்டில் உட்காரும் வகை என்றால், ரிச்சி தெருவில் பூட்லோடர் ஏற்றிய புதுச் சிப் வாங்கி மாற்றிவிடலாம். பலகையோடு ஒட்டிய பொடி வகை என்றால், புது போர்டு வாங்குவதே மானம்.

என்னைக் கேட்டால், அரைகுறையாய்ப் பிழைத்த போர்டுதான் பெரிய வில்லன். புரோகிராம் ஏறும், விளக்கு மினுங்கும். ஆனால் இரண்டு பின்கள் மட்டும் ஊமையாகிவிட்டிருக்கும். அது தெரியவருவது எக்ஸ்டர்னல் தேர்வாளர் எதிரே நிற்கும்போதுதான். தூக்கிப் போடு என்று சீனியர் தலைபாடாய் அடித்துக்கொள்வார். நம்மாள் போடமாட்டார். துடைத்து, பழைய டப்பாவில் பத்திரப்படுத்தி, அடுத்த வருடம் ஜூனியரிடம் பாதி விலைக்குத் தள்ளுவார்: “ஒரு மாசம்தான் யூஸ் பண்ணது, தம்பி.”

ஆகவே ஜூனியர்களே, காசை நீட்டும் முன் ஒரு எல்இடியையும் ரெசிஸ்டரையும் எடுத்து ஒவ்வொரு பின்னிலும் மினுக்கிப் பாருங்கள். அப்படியே போர்டை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தும் விடுங்கள்.